தளவாய் இழுத்த இழுப்பு

வாய்க்குள் இரும்பு போடாமல் குதிரை அடங்காது என்பது தளவாய் ரங்கப்பரின் கட்சி. முகத்தைச் சுற்றிய கயிறே போதும் என்பது லாயத்து வேலைக்காரி செம்பாயியின் கட்சி. அவர் போட்ட இரும்பால் நாக்கு கிழிந்த செவலைக் குதிரையை அவள் அப்படித்தான் தேற்றியிருந்தாள்.

ஜமீன்தார் முன்னால் தளவாய் இரும்புக் கடிவாளத்தை ஆட்டிக் காட்டினார். “நானே ஏறுகிறேன். கயிற்றை இழுத்த பிறகு செவலை ஓரடி முன்னால் வைத்தாலும் இது அதன் வாய்க்குள் போகும். நீ ஊரைவிட்டுப் போவாய், புள்ளே.”

செம்பாயி செவலையின் முகத்துக் கயிற்றைச் சரிசெய்தாள். “முன்னால வைக்காதுங்கய்யா. பின்னால வச்சா குத்தமில்லையே?”

“எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும்” என்று சிரித்தார் தளவாய்.

ஏறி விரட்டினார். பாதி மைதானத்தில் பலங்கொண்டு இழுத்தார். செவலை நின்றது. இரும்புக்குப் பழகிய கையாயிற்றே, இழுப்பதை விடவில்லை. செவலை பின்வாங்கியது. அவர் இழுக்க இழுக்க, பின்னாலிருந்த குளத்தை நோக்கிப் போனது.

“கயித்த விடுங்கய்யா, நின்னுடும்” என்றாள் செம்பாயி.

ஒரு வேலைக்காரி சொல்லித் தளவாய் கேட்பதா? இன்னும் இழுத்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது.

“முன்னால் வைத்ததா, தளவாய்?” என்று கேட்டார் ஜமீன்தார்.

தளவாயின் வாயில் இரும்பு எதுவும் இல்லை. ஆனாலும் அது திறக்கவில்லை. கயிற்றை மட்டும் விட்டார்.

செவலை அங்கேயே நின்று, ஆறிய நாக்கால் நிதானமாகத் தண்ணீர் குடித்தது.