தண்டால் எடுக்கத் திசை இல்லாத வீடு

தளவாய் வாத்தியாரின் பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். மீசை அரும்பிய மறுவாரமே மார்பு விரிந்துவிட வேண்டும் என்று வந்து நிற்பவர்கள். பாத்திரக் கடை பிரமநாயகம் வாசலில் வந்து நின்றபோது, மகனைத் தேடி வந்த தகப்பன் போல என்றுதான் வாத்தியார் நினைத்தார்.

"சேரத்தான் வந்தேன்" என்றார் பிரமநாயகம். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு இருந்தது. "குருவை விழுந்து கும்பிடணும்னு சொன்னாங்க. அதுல ஒரு சங்கடம் இருக்கு வாத்தியாரே. விழுந்திருவேன். எந்திரிக்க ரெண்டு பேர் வேணும்."

வாத்தியாருக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. பிரமநாயகம் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"மூத்தவங்க என் கால்ல விழ வேண்டாம், அண்ணாச்சி. எவ்வளவு கனம் தூக்கணும் உங்களுக்கு?"

"ஒரு ஆள் கனம்."

"எந்த ஆளு?"

"என் வீட்டுக்காரி."

வாத்தியார் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

போன வருஷம் கடைப் பரணில் ஏறி ஒரு பித்தளை அண்டாவை எடுக்கப்போய், அண்டாவும் ஏணியும் பிரமநாயகமுமாகக் கீழே வந்திருந்தார்கள். அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரமநாயகத்துக்குத் தொடை எலும்பு போயிற்று. மழைக்காலம் முழுக்கக் கட்டில், அடுத்த கோடையும் கட்டில். புரட்டிப் படுக்கவைத்ததும், தூக்கி உட்காரவைத்ததும், துடைத்துவிட்டதும் கோமதிதான். அவர் ஆள் வாட்டசாட்டம், அவள் முருங்கைக் குச்சி. பிள்ளைகள் இல்லாத வீடு, கைமாற்றிவிட ஆள் கிடையாது.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கோமதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பு மூட்டையே மாற்றி ஆபரேஷன் செய்ய வேண்டும், தீபாவளி கழியட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தேய்மானம்னாரு டாக்டர். வயசானா வருமாம். எனக்குத் தெரியும் வாத்தியாரே, அது என் கனம்."

"ம்."

"ஆபரேஷன் முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு யாராவது தூக்கி உக்கார வைக்கணும், புரட்டிப் படுக்க வைக்கணும். தென்காசியில அவ தம்பி இருக்கான். 'அத்தானே இப்பதான் எந்திரிச்சிருக்காக, அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லுதான். நல்ல பையன்தான்."

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவன் வந்துட்டுப் போனா அன்னைக்குச் சரியாச் சாப்பிட மாட்டா. அவளுக்கு வேற வீட்டுல தூக்கம் வராது." பிரமநாயகம் சுவரில் சாய்த்திருந்த கர்லாக்கட்டைகளைப் பார்த்தார். "அதுல பெரிசை எடுத்துச் சுத்துனா சீக்கிரம் பலம் வருமா?"

"அது வேண்டாம். வீட்டுலயே செய்யலாம். தண்டாலும், உக்காந்து எந்திரிக்கிற பஸ்கியும் போதும்."

"கருவி ஒண்ணும் வேண்டாமா?"

"கூடவே கொண்டாந்திருக்கீயளே, அண்ணாச்சி. நல்ல கனமான கருவிதான்."

பிரமநாயகம் குனிந்து தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார்.

முதலில் சுவர். நின்றபடியே சுவரில் கையை ஊன்றி, மார்பு கிட்டப் போகும்வரை மடங்கி, தள்ளி நிமிர வேண்டும். "சுவத்தைத் தள்ளித் தள்ளி வீட்டைப் பெரிசாக்கப் போறீயளா?" என்று கோமதி அடுக்களையிலிருந்து கேட்டாள். பிறகு நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். "பிள்ளையாருக்குப் போடுத தோப்புக்கரணத்துக்கே இவ்வளவு நாள் டிமிக்கி குடுத்தீய. இப்ப நாற்காலிக்குப் போடுதீயளே" என்றாள். அதற்கப்புறம் கட்டில் விளிம்பு. கோமதியின் கேலி வற்றவில்லை. அவர் கையும் மெல்லத் திரண்டு வந்தது.

கடைசியில் தரை.

தரையில்தான் மாட்டிக்கொண்டார். கையை ஊன்றிக் காலை நீட்டியதும் பொத்தென்று விழுந்துவிடுவார். விழுந்தால் விழுந்ததுதான்.

"எந்திரிக்க முடியல வாத்தியாரே."

"எந்திரிக்கிறதை விடுங்க. இறங்குறதை மட்டும் பாருங்க. மெதுவா இறங்கணும்."

"இறங்குறது என்ன பெரிய வித்தையா? எல்லாரும் தானா இறங்கிருவாங்க."

"விழுவாங்க" என்றார் வாத்தியார். "இறங்க மாட்டாங்க."

பிரமநாயகம் வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"வீட்டுல திசை இல்ல வாத்தியாரே."

"திசை இல்லையா?"

"ஒத்தைப் பத்தி வீடு, ஒரே அறைதான். கட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவுல ஒரு ஆள் நீளத்துக்குத்தான் தரை. வடக்க தலை வைக்கக் கூடாது. கிழக்க தலை வச்சா தெருக்கதவு, போறவன் வாறவன் எல்லாம் நின்னு விசாரிக்கான். மேற்க தலை வச்சா, கதவுக்கு மேல மாட்டியிருக்க சாமிப் படத்துக்குக் கால் நீட்டணும். மிச்சம் தெற்கு. அது அடுக்களை. அங்க அவ நிக்கா."

"நிக்கட்டுமே."

"நிக்க மாட்டேங்காளே. நான் கையை ஊன்றித் தலையைத் தாழ்த்துனா, அவ கால்ல விழுத மாதிரி இருக்காம். 'புருசன் கால்ல விழுந்தா எனக்குப் பாவம் சேரும்'னு ஒரே குதி. இடுப்பு அந்த லட்சணத்துல இருக்கு, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல குதிக்கா. நேத்து விழப் பாத்தா. என் தேகப்பயிற்சியில அவ இடுப்பு உடைஞ்சிரும் போல இருக்கு."

வாத்தியார் எழுந்து வந்து, பிரமநாயகத்தின் முன்னால் மண்ணில் கையை ஊன்றினார். தலை அவர் காலடிக்கு வந்தது.

"நல்லாயிரு" என்றார் பிரமநாயகம். அவர் வலது கை தானாக எழுந்திருந்தது.

வாத்தியார் எழும்பி மறுபடி இறங்கினார்.

"நல்லாயிரு."

மறுபடியும்.

"நல்லாயிரு... நல்லாயிரு... நல்லா... வாத்தியாரே, நிறுத்துங்க. எனக்கு வாய் வலிக்கி."

கூடத்தில் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். வாத்தியார் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"நான் தண்டால்லா எடுத்தேன். நீங்க எதுக்கு ஆசீர்வாதம் பண்ணுதீய?"

"காலடியில ஒருத்தர் விழுந்தா வாய் சும்மா இருக்குமா?"

"அங்க அவங்க வாய் என்ன சொல்லுது?"

"பாவம்னு சொல்லுது."

"நீங்க அவங்க கால்ல விழுதீயளா, தண்டால் எடுக்கீயளா?"

"தண்டால்தான். சத்தியமா தண்டால்தான்."

வாத்தியார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களை அவ்வளவு நாள் தூக்கிப் புரட்டினாங்களே. அதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

"சொல்ல என்ன இருக்கு? வீட்டு மனுசிதான."

"ஒண்ணுமே சொல்லலையா?"

பிரமநாயகம் யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

"ரசத்துல உப்பு கூடன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

இந்தத் தடவை இளவட்டங்கள்கூடச் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, இனி ஒண்ணு முழுசா எடுத்துட்டு இங்க வாங்க" என்றார் வாத்தியார். "எடுக்கிற வரைக்கும் வர வேண்டாம்."

மறுநாள் காலையில் கோமதி அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்து ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிரமநாயகம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தெற்கே பார்த்துக் கையை ஊன்றினார். பார்த்ததும் அவள் கை நிலையைத் தேடியது.

"குதிக்காத" என்றார்.

"தள்ளிக்கிடுதேன். நீங்க செய்யுங்க."

"தள்ளவும் வேண்டாம். அப்படியே நில்லு."

"பாவம் புடிக்கும்னு சொல்லுதேன், கேக்க மாட்டீயளா?"

"கோமதி, இது தண்டால் இல்ல. நான் விழத்தான் விழுதேன்."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பிரமநாயகம் இறங்கினார். விழவில்லை, இறங்கினார். முழங்கை நடுங்கியது. கட்டிலில் கிடந்த நாட்களில், புரட்டுவதற்கு முன்னால் அவள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவாள். அவருக்குச் சொல்வது போலத்தான் இருக்கும், ஆனால் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளத்தான் எண்ணினாள் என்பது அவருக்கு இப்போதுதான் பிடிபட்டது. பிடித்துத் தூக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டி வருமே என்று மூடிக்கொண்டது அது. மூக்குக்கு நேரே அவள் கால் வந்தது. குதிகால் வெடித்திருந்தது, மெட்டி தேய்ந்து நூலாகியிருந்தது. இந்தக் காலை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

நெற்றி தரையைத் தொட்டது.

அவர் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கரண்டியிலிருந்து விழுந்த ரசமா, வேறா என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புருஷனை வாழ்த்த அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பழகிய வார்த்தைகளில் ஒன்றைத்தான் அவள் தேடி எடுத்தாள்.

"நல்லா இருங்க" என்றாள்.

பிரமநாயகம் தரையைத் தள்ளினார். தரை அவரை விட்டது.

அன்று மத்தியானம் ரசத்தில் உப்பு கூடத்தான் இருந்தது. அவர் ரெண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

தீபாவளி கழிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தென்காசித் தம்பி காரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வழியில் அக்காள் வீட்டில் துணிமணியை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்றான். கார் வீட்டு வாசலில் நின்றது.

"விலகு மாப்ளே" என்றார் பிரமநாயகம்.

"அத்தான், உங்களால..."

"விலகு."

குனிந்து, காலை ஊன்றி, அவளை இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு எழுந்தார். நடந்து போய்க் கட்டிலில் இறக்கினார். முதுகு, இடுப்பு, கால் என்று ஒவ்வொன்றாக மெத்தையைத் தொடும்படி இறக்கினார். அவள் முகம் சுளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்கினார். சுளிக்கவில்லை.

"எவ்வளவு மெதுவா இறக்குதீய" என்றாள் கோமதி. "நான் உங்களைப் பொத்துன்னுதான் போடுவேன்."

"தெரியும். இன்னும் எலும்பு சொல்லும்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். தம்பி வாசலில் நின்று பார்த்தான். காபி குடித்துவிட்டுக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு தென்காசிக்குப் போனான்.

அடுத்த நாள் கோமதி கண்ணயர்ந்த நேரத்தில் பிரமநாயகம் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். கடையிலேயே கனமான ஒரு பித்தளைக் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"வாத்தியாரே, இந்தக் குடம் பத்தாது, எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் என்ன தரணும்? வாயைத் திறந்து கேளுங்க."

வாத்தியார் குடத்தைப் பார்த்தார். "தண்ணி குடிக்க ஆகும்" என்று வாங்கி, பயிற்சி எடுப்பவர்கள் பக்கத்தில் வைத்தார். பிறகு பிரமநாயகத்தின் முன்னால் வந்து மண்ணில் கையை ஊன்றினார்.

மெதுவாக இறங்கினார். இறங்கி, மூக்கு மண்ணைத் தொடாமல், கையின் பலத்திலேயே அப்படியே நின்றார்.

பிரமநாயகத்தின் கை எழுந்தது. வாய் வரவில்லை. உதடு கோணியது. கூடத்தில் எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். வாத்தியாரின் தோளில் வேர்வை அரும்பி வழிந்தது. அவர் எழும்பவில்லை, காத்திருந்தார்.

"நல்லாயிரு தளவாய்" என்றார் பிரமநாயகம் கடைசியில். பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. "நல்லாயிருப்பா. உன் கையும் காலும் உன் வீடும் நல்லாயிருக்கணும்."

வாத்தியார் எழுந்து, உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"கெடைச்சாச்சு அண்ணாச்சி" என்றார். "வீட்டுக்குப் போங்க. அவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரமாச்சு."