சந்தனம் பூசிய டேப்பில் இரண்டு மின்னஞ்சல்கள்

2022 ஜூன் 6, திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. ஒரே ஒரு டேப். கொண்டுவந்தவர் பெயர் கோகிலவாணி.

கோவை காந்திபுரத்தில் பழைய கணினிகளிலிருந்து தகவல்களை மீட்டுத் தரும் அமீன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. 'திங்கள்' என்று பேனாவால் எழுதிய ஒட்டுத்தாள். அதன் பக்கத்தில் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

"டேப்புக்குப் பொட்டு வெச்சுக் கொண்டுவந்த மொத ஆள் நீங்கதாங்க," என்றார்.

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்கண்ணா. அதனாலதான் தப்பிச்சுது."

உடுமலைப் பக்கம் ஓர் அட்டை ஆலை இருந்தது. அதன் சர்வரில் உள்ள மின்னஞ்சல்களைத் தினமும் மாலையில் டேப்பில் படியெடுப்பார்கள். கிழமைக்கு ஒரு டேப். அடுத்த வாரம் அதே கிழமையில் அதே டேப்பில் பழையது அழிந்து புதியது ஏறும். 2005 அக்டோபர் 11 ஆயுத பூஜை. முந்தின மாலை எடுத்த டேப்பைக் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் பத்ரிநாதன் பூஜையில் வைத்தார். சந்தனத்தோடு அதை மறுபடி இயந்திரத்தில் போட மனமில்லாமல் வீட்டுப் பீரோவில் பத்திரப்படுத்திவிட்டு, வேறு டேப் எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 13, வியாழக்கிழமை, ஆலையின் பாய்லர் வெடித்தது. போர்மேன் சென்னியப்பனும் உதவியாளர்கள் இருவரும் இறந்தார்கள். அன்று சென்னியப்பனுக்கு ஷிப்டு இல்லை. பாய்லர் பழுதைப் போர்மேன் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை முடிந்தது. சர்வரில் இருந்த அவருடைய மின்னஞ்சல்கள் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தன. மற்ற டேப்புகளில் புதியவை ஏறிவிட்டன. ஆலை மூடியபின் சர்வர் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

கோகிலவாணி சென்னியப்பனின் மகள். இறந்த உதவியாளர் ஒருவரின் தாய் அதே தெருவில் இருக்கிறார். குழாயடியில் கோகிலவாணியின் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க ஊட்டுக்காரரு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்திருந்தா எம்பையன் இருந்திருப்பான்" என்பார். சென்னியப்பன் எழுதிக் கொடுத்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அறிக்கையின் அந்த ஒரு வரியை நீக்கக் கோரி மகள் வழக்குப் போட்டார். பிறகு பத்ரிநாதனைத் தேடிப் போனார். அவர் வெகுநேரம் யோசித்துப் பீரோவைத் திறந்தார்.

"அக்டோபர் மொத வாரம் மட்டும் எடுக்கச் சொல்லு அம்மிணி. மத்ததெல்லாம் ஆலைச் சங்கதி, நமக்கெதுக்கு?"

என்ன சர்வர், எந்த மென்பொருள் என்று கேட்டபோது, மறந்துபோயிற்று என்றார்.

அமீனிடம் ஒரு நடைமுறை உண்டு. கேட்ட தேதிகளில் உள்ளதை மட்டும் தருவார்; மற்றதை அழித்துவிடுவார். அக்டோபர் 1 முதல் 7 வரை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

பழைய டேப் இயந்திரங்கள் நான்கு வாங்கினார். மூன்று அந்த டேப்பை ஏற்கவில்லை. நான்காவது ஓடியது, வந்தவை பொருளற்ற எழுத்துகள். எந்த மென்பொருள் எந்த வரிசையில் எழுதியது என்று ஊகித்து ஊகித்துப் பிரித்தெடுக்க ஏழு வாரம் ஆனது.

சென்னியப்பன் பெயரில் மேனேஜருக்குப் போனவை மொத்தமே இரண்டு. அவருக்குக் கணினி தெரியாது. அவர் சொல்ல, பத்ரிநாதன் ஆங்கிலத்தில் தட்டியவை.

அக்டோபர் 4: "பாதுகாப்பு வால்வு சிக்கிக்கொள்கிறது. மாற்றும்வரை பாய்லரை எரிக்கக் கூடாது."

அக்டோபர் 10: "வால்வைத் தட்டிச் சரிபார்த்தேன். வியாழக்கிழமை எரிக்கலாம். நானே பக்கத்தில் நிற்கிறேன்."

இரண்டாவது, சீட்டில் எழுதிய தேதிக்கு வெளியே இருந்தது. அமீன் பத்ரிநாதனுக்குப் போன் செய்தார்.

"அழிச்சிருங்க பாய். செத்தவரு பேரு கெடும். அன்னிக்கு மேனேஜர் எஞ் சேருக்குப் பின்னாலயே நின்னாரு. சென்னியப்பனைப் பாத்து, 'நீ எழுதலைன்னா வேற ஆள் எழுதுவான்'னாரு. அப்புறந்தான் அவரு சொன்னாரு, நான் தட்டினேன். அதையெல்லாம் இப்பப் பேசி என்ன ஆகப்போகுது?"

"நீங்க விசாரணையில என்ன சொன்னீங்க சார்?"

"மெயிலே வரலைன்னு."

அமீன் இரண்டையும் அச்செடுத்து, பத்ரிநாதன் போனில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, கோகிலவாணியிடம் கொடுத்தார். "நீங்க கேட்டது ஒண்ணு தங்கச்சி. இருக்கறது ரெண்டு."

அவர் இரண்டாவதை மூன்று முறை படித்தார். "ஷிப்டு இல்லாத நாள்ல அப்பா ஏன் போனாருன்னு அம்மா இன்னும் கேட்டுட்டே இருக்காங்கண்ணா," என்றார்.

வக்கீல், முதல் மின்னஞ்சலை மட்டும் தாக்கல் செய்தால் போதும், வழக்கு ஜெயிக்கும் என்றார். இன்னொன்று இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? கோகிலவாணி முதலில் குழாயடித் தாயின் வீட்டுக்குப் போய் இரண்டையும் படித்துக் காட்டினார். "தெரிஞ்சேதான் பத்த வெச்சாங்களா?" என்று கேட்டு அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின.

இறந்தவரின் பெயர் கெடாமலிருக்க ஒருவர் மறைத்தார். ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்கை மீறினார். மகள், தந்தைக்கு எதிரான கடிதத்தையும் தன் கையாலேயே கொடுத்தார். மூவரில் சென்னியப்பனுக்கு நியாயம் செய்தவர் யார்?

விடை: அமீன் மீறியது சீட்டை, அதைக் காப்பாற்றியிருந்தால் மகளுக்குத் தந்தையின் பாதிதான் கிடைத்திருக்கும். கோகிலவாணி தோற்கக்கூடும் என்று தெரிந்தே முழுவதையும் கொடுத்தார். இருவரும் செய்தது சரி. ஆனாலும் நியாயம் அவர்கள் கையில் இல்லை. அந்த இரண்டாவது கடிதத்தைச் சொல்ல வைத்தவர் யார் என்பது எந்த டேப்பிலும் பதியவில்லை. நேரில் பார்த்தவர் பத்ரிநாதன் மட்டுமே. அவர் பதினாறு ஆண்டுகள் காத்தது சென்னியப்பன் பெயரை அல்ல. இதை அமீன் அவரிடமே சொன்னார். பத்ரிநாதன் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அதை 2023 பிப்ரவரி 7-க்குக் குறித்தது.

2023 ஜனவரி 19 அன்று பத்ரிநாதன் மாரடைப்பால் காலமானார்.