மூன்றாவது பிரதி

“அந்த ஆள் கையில கொடுக்கிறதுக்கு நேரா கடல்லயே போட்டுரலாம், மேடம்.”

பேச்சியப்பன் ஹார்ட் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேடம் ஜெபராணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கடற்கரை ஊர் நூலகத்தில் மேடம்தான் குரு, பேச்சியப்பன்தான் சீடன். பழைய காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுகிற வேலையை வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர் மேடம். பேச்சியப்பனோ தாலுகா ஆபீசில் டைப் அடித்தவர். டைப்ரைட்டரை மூலையில் வைத்தபோது அவரையும் தூக்கி இங்கே போட்டுவிட்டார்கள்.

வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது நோட்டீஸ் கட்டுகள். அச்சாபீஸ்காரர் ஒருவர் காலமெல்லாம் சேர்த்து வைத்தவை. கடை திறப்பு, காதுகுத்து, கோயில் கொடை, தேர்தல், காணவில்லை, கண்ணீர் அஞ்சலி.

தொட்டால் உதிர்கிற காகிதம். ஒரு தடவை ஸ்கேனரில் விரிக்கலாம். எடுக்கும்போது பாதி தூளாகிவிடும்.

“இத்தனை வருஷம் அடுத்தவன் எழுதினதை டைப் அடிச்சேன். நான் செஞ்ச வேலைன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் இருக்கு” என்பார்.

மேடம் வைத்த சட்டம் ஒன்றுதான். எதற்கும் மூன்று பிரதி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று பீரோவில். ஒன்று வேறு ஊரில்.

வேறு ஊர் என்றால் மலையடிவாரத்து நூலகம். அங்கே இதே வேலை பார்ப்பவர் மந்திரமூர்த்தி.

“பயிற்சிக்குப் போன இடத்துல எல்லார் முன்னாடியும் என்ன கேட்டான் தெரியுமா மேடம்? ‘நோட்டீஸை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி என்ன ஓய் செய்யப் போறீரு, கம்ப்யூட்டருக்கு வடை மடிச்சுக் கொடுக்கவா’ன்னான்.”

“நீங்க சும்மாவா இருந்தீங்க?”

“அவன் எடுக்கிறது மாட்டு வைத்தியச் சுவடிதானே. ‘உம்ம வாசகர் எல்லாம் நாலு கால்ல வருவாங்களா’ன்னு கேட்டேன்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “மலை பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி” என்றார்.

மலையடிவாரத்து நூலகத்தில் மந்திரமூர்த்தி டிஸ்க்கை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“என்ன ஓய், வடை இன்னும் சூடா இருக்கு?”

“திரும்புற பஸ் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார் பேச்சியப்பன். வேறு எதுவும் சொன்னால் சண்டை வரும்.

மந்திரமூர்த்தி தன் பீரோவைத் திறந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

“மாட்டுச் சுவடி. ஒரு பிரதி உம்ம ஊர்ல இருக்கட்டும். உங்க மேடம்கிட்ட பேசியாச்சு.”

பேச்சியப்பன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மேடத்திடம் நீட்டினார்.

“இதை எங்க வைக்க?”

“உங்க கையிலதானே கொடுத்தாரு?”

அவர் தன் மேஜையின் கீழ் டிராயரில் போட்டார். அங்கே ஒரு கோந்து பாட்டிலும், காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடும் கிடந்தன.

டிஸ்க் என்பது வைத்தது வைத்தபடி கிடந்தால் கெட்டுப்போகிற சாமான். கடல்காற்று வேறு. அவ்வப்போது எடுத்து மாட்டி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இதுவும் மேடம் சொல்லிக் கொடுத்ததுதான்.

பீரோவில் இருந்த தன் டிஸ்க்கை பேச்சியப்பன் மாசம் தவறாமல் மாட்டினார். படங்கள் எத்தனை என்று பார்ப்பார். கணக்குச் சரியாக இருந்தால் கழற்றித் துடைத்து உள்ளே வைப்பார்.

வைத்துவிட்டுக் கேட்பார்.

“அவன் என்னோடதைத் திறந்து பார்ப்பானா மேடம்?”

மேடம் எழுந்து வந்து அவருடைய கீழ் டிராயரைப் பாதி இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

முழங்காலில் இடிக்கிறதே என்று அவர் அதை மூடுவார்.

அடுத்த மாசமும் கேட்பார். அடுத்த மாசமும் டிராயர்.

“மேடத்துக்கு இந்த டிராயர் மேல என்ன கோவமோ தெரியலை” என்று வாட்ச்மேனிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

வெயில் காலம் போய் ஐப்பசி வந்தது.

அன்றைக்கு மேடம் மீட்டிங்குக்குப் போயிருந்தார். பேச்சியப்பன் பாக்கியிருந்த கடைசிக் கட்டையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டார். முடித்த கையோடு பீரோ டிஸ்க்கிலும் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு ஆசை. எடுத்து வந்து மாட்டினார்.

மழை பிடித்தது. வானம் உறுமியது.

கழற்றிவிடலாம் என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம்தானே பாக்கி என்றும் நினைத்தார்.

மின்னல் அவருக்கு முந்திக்கொண்டது.

விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கருகல் வாடை வந்தது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மேடம் கேட்டார், “பீரோவுல இருந்தது எப்படி அண்ணாச்சி இங்க வந்துச்சு?”

“நான்தான் மேடம்.”

 மேடம் செல்போனை எடுத்து, மலையடிவாரத்துக்குப் போட்டு, அவர் முன்னால் மேஜையில் வைத்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது.

“கடைசிக் கட்டு போச்சு. மத்ததுக்கெல்லாம் இனி அவன்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்” என்றார் பேச்சியப்பன். “அதை எந்த டிராயர்ல தூக்கிப் போட்டிருக்கானோ.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

“சொல்லும் ஓய்” என்றது போன்.

“இங்க மின்னல் அடிச்சு எல்லாம் போச்சு. என்னோடது... இருக்கா?”

“இருக்காவா? போன வாரம்கூட மாட்டுனேன். கல்லு மாதிரி இருக்கு. நானே உமக்குப் போன் போடணும்னு இருந்தேன். அந்த ஆடு கிடைச்சுதா இல்லையா?”

“எந்த ஆடு?”

“எந்த ஆடுங்கீரு! காணவில்லை நோட்டீஸ் ஓய். கறுப்பு வெள்ளாடு, ஒத்தைக் கொம்பு. மேட்டுத்தெரு தாவீது போட்டது. அடுத்த கட்டுல அதே தாவீது சன்மானத்தைக் கூட்டி மறுபடியும் போட்டிருக்கான். அதுக்கப்புறம் சத்தத்தையே காணோம். டிஸ்க்கை மாட்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பார்த்துட்டு வாறேன், ஆடு வந்த பாடில்லை. உமக்குத் தெரியாதா? நீர்தானே ஸ்கேன் பண்ணீரு!”

பேச்சியப்பனுக்கு அந்த ஆட்டைத் தெரியாது. தாவீதைத் தெரியாது. மடிப்பை நீவி விரிக்கத் தெரியும். பட்டனை அமுக்கத் தெரியும்.

“சரி, அதை விடும். என் மாடு எப்படி இருக்கு?”

பேச்சியப்பன் வாயைத் திறந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

“இனிமேதான் பார்க்கணும்” என்றார்.



“பாரும்” என்று சொல்லிவிட்டு மந்திரமூர்த்தி போனை வைத்துவிட்டார்.

பேச்சியப்பன் கீழ் டிராயரை இழுத்தார். கோந்து ஒழுகி டிஸ்க் பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். ஈரத்துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார். மேடத்தின் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

ஒன்றும் வரவில்லை. வயரை மாற்றினார். அப்போதும் வரவில்லை. கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார். உள்ளே ஏதோ முனகியது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

முதல் ஏட்டைத் திறந்தார். ஓலையின் படத்துக்குக் கீழே மந்திரமூர்த்தி அதை இப்போதைய எழுத்தில் டைப் அடித்து வைத்திருந்தார். பிழையில்லாத டைப். டைப் அடித்தவருக்கு அது பார்த்ததும் தெரியும்.

படித்தார். அடுத்த ஏட்டைத் திறந்தார்.

“அண்ணாச்சி, மலைக்குப் போய் உங்க நோட்டீஸை வாங்கிட்டு வரலையா?” என்று கேட்டார் மேடம்.

“போகலாம் மேடம்.”

மேடம் சாப்பிடப் போய்விட்டு வந்தார். பேச்சியப்பனின் தூக்குவாளி திறக்காமலே இருந்தது. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

சாயங்காலம் நூலகத்தைப் பூட்டுகிற நேரத்துக்கு ஒரு ஏடு திறக்க மறுத்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பின்னால் இருந்த ஏடுகள் எல்லாம் திறந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

பேச்சியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். டிஸ்க்கைப் பையில் வைத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“மலைக்கு. கடைசி பஸ் இருக்கும்.”

“நோட்டீஸ்தான் பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டாரே. காலையில போங்களேன்.”

“நோட்டீஸ் இருக்கட்டும் மேடம். வயிறு ஊதி, தீனி எடுக்கலை. இஞ்சியும் பிரண்டையும் இடிச்சு வச்சாச்சு. எப்படிக் கொடுக்கணும்னு சொல்ற ஏடு என் டிராயர்ல கிடந்து போயிருச்சு. அவருகிட்ட நேர்ல சொல்லணும். சொல்லிட்டுத்தான் கேட்கணும்.”

மேடம் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

“யாருக்கு அண்ணாச்சி வயிறு ஊதியிருக்கு?”

பேச்சியப்பன் அதற்குள் படி இறங்கிவிட்டார்.

“மாட்டுக்குத்தான் மேடம். பாதி வைத்தியத்துல நிக்குது.”