நடுவர் பிடித்த கிளாஸ்

புதுச்சேரிக் கடற்கரையோரம் சொந்தமாகப் பீர் காய்ச்சும் சிறிய கடை ஒன்று. அங்கே கிளாஸ் கழுவும் லூர்துசாமி முதல்முறையாக ஒரு பீப்பாய் சாக்லேட் பீர் காய்ச்சியிருந்தான். ருசி பார்க்கப் பீர்ப் போட்டிகளின் நடுவர் ஒருவர் வந்தார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் மனமில்லை.

பீர் என்றால் பல் கூச வேண்டும் என்று சொல்லி, ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வாய் குடித்தார்.

"சாக்லேட் எங்கேடா? நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள இதே கிளாஸ்ல வரணும். எதையும் கலக்கக் கூடாது. வரலேன்னா பீப்பாயைச் சாக்கடையில ஊத்திட்டு நீயும் கிளம்பு."

"வரும் சார். கிளாஸை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்குங்க. அதுவரைக்கும், நீங்க எப்படி இவ்வளவு பெரிய ஆளானீங்கன்னு சொல்லுங்களேன்."

அவர் தன் கதையை ஜெர்மனியிலிருந்து ஆரம்பித்தார். வெயில் சாய்ந்தது. கடல் கறுத்தது. அலைகள் தூக்கத்தில் புரள்வது போல மெதுவாக வந்து போயின. வாங்கிய பதக்கங்களுக்கு அவர் வந்தபோது, கிளாஸிலிருந்து சாக்லேட் வாசம் கனவு போல எழுந்தது. குடித்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"எப்படா கலந்தே?"

"கலக்கலை சார். குளிர் விட்டா வாசம் தானா வரும். உங்க பெருமை கொஞ்சம் சின்னதா இருந்திருந்தா, என் வேலை போயிருக்கும்."