அளவையாரின் கோலும் மாசாத்தியின் அங்கவடியும்

வாருங்கள், இப்படி நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். குதிரைகள் மனிதரைச் சுமக்கச் சம்மதித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்த நாளில் நடந்தது இது.

கரட்டுநாடு என்று ஒரு மலைநாடு. அதை இறும்பன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்று தலையாட்டுவான், அது ஒன்றுதான் அவனிடம் குறை.

அந்த நாட்டின் மலையுச்சியில் பேரேரி என்று ஓர் ஏரி. அடிவாரத்தில் கீழூர் என்று ஓர் ஊர். மழைக்காலத்தில் ஏரிக்கரை இளகும். கரை உடைவதற்குள் கீழூர்ச் சனங்கள் குஞ்சுகுளுவான்களோடு எதிர்மேட்டில் ஏறிவிட வேண்டும். பிந்தினால் ஊரோடு போக வேண்டியதுதான்.

அதனால் சேதி சொல்ல ஒரு குதிரைவீரன் கரையிலேயே காத்திருப்பான். கரையில் ஒரு குதிரை, நடுமலையில் ஒரு குதிரை, அடிமலையில் ஒரு குதிரை. மூன்றும் சேணம் பூட்டித் தயாராக நிற்கும். களைத்த குதிரையிலிருந்து களைக்காத குதிரைக்குத் தாவித் தாவி அவன் இறங்க வேண்டும்.

குதிரை ஏறுகிறவர் கால் ஊன்றிக்கொள்ளச் சேணத்தின் இருபுறமும் தோல்வாரில் இரும்பு வளையம் தொங்குமே, அதற்கு அங்கவடி என்று பேர். அது காலுக்கு எட்டவில்லை என்றால், இறக்கத்தில் குதிரை குனியும்போது ஆள் அதன் கழுத்தைத் தாண்டிப் போய் விழுவான். நெருக்கமாக இருந்தால் முழங்கால் மார்பில் இடிக்கும். நம் காலுக்குச் சரியாக இருந்தால்தான் குதிரை நமக்குக் கட்டுப்படும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் இறும்பனின் பாட்டனார். நெட்டைக் கொக்கு மாதிரி இருப்பார். மூன்று சேணத்தின் வாரையும் தம் கால் நீளத்துக்கு வெட்டித் தைக்கச் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தத் தையலைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை. பெரியவர் அளவாயிற்றே! வாரை மாற்றக் கூடாது என்றால் என்ன செய்வது? ஆளை மாற்றினார்கள்.

பாட்டனாரின் கால் நீளத்துக்கு ஒரு கோல் செய்து, அதற்குக் கால்கோல் என்று பேர் வைத்தார்கள். நாம் பந்தல் போட முதல் மரம் நடுகிறோமே, அந்தக் கால்கோள் வேறு, இது வேறு. குதிரைப் படையில் சேர வருகிறவனை வெறுங்காலோடு நிற்கவைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை கோலை வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் வீரன். விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். இதற்கு முன் குதிரை என்று ஒன்றைப் பார்த்திருக்கிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. கால் பொருந்திய ஒருவன் கடிவாளம் எது, வால் எது என்று விழித்த கதையெல்லாம் அந்த நாட்டில் உண்டு.

கோலைக் காத்தவர் பெயர் அளவையார். உருண்டு திரண்ட குட்டை மனிதர், முகத்தில் சிரிப்பு வராது. அவருக்கு முன் அவர் அப்பா அந்தக் கோலைக் காத்தார். மழைக்காலத்தில் அளவையார் அதே கோலோடு ஏரிக்கரையில் நின்று தண்ணீரையும் அளப்பார்.

ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. கோலுக்குப் பொருந்திய வீரன் ஒருவன் கரையிலிருந்து கிளம்பினான். நடுமலை இறக்கத்தில் குதிரை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நொண்டிக்கொண்டு அவன் வந்து சேர்வதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. சனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி மயிரிழையில் தப்பினார்கள். தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகள் கட்டியபடியே போயின.

இறும்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த நாட்டுல குதிரை ஏறத் தெரிஞ்சவனே இல்லையா?" என்று கேட்டான்.

"காடன் இருக்கானே" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

காடன் ஆட்டுப் பாதையில் கூடக் குதிரையை ஓட்டுவான். ஆனால் அவன் கால் கோலுக்கு நான்கு விரல் குறை. அளவையார் அவனை மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

அவனுடைய அக்கா மாசாத்திதான் அரண்மனைக்குச் சேணம் செய்கிறவள். தோலும் தைப்பாள், இரும்பும் அடிப்பாள், வாயும் அடிப்பாள். அரசன் அவளைக் கூப்பிட்டு, "எந்தக் காலுக்கும் பொருந்துற மாதிரி ஒரு அங்கவடி செய்ய முடியுமாம்மா?" என்றான்.

"தையலைப் பிரிக்கலாம்னு மகாராசா வாயால சொல்லுங்க, செய்றேன்" என்றாள் அவள்.

"ஆகட்டும்" என்றான் அரசன். அந்தச் சொல்லால் நாட்டுக்கு நன்மை விளைந்தது அதுதான் முதல் தடவை.

மாசாத்தி முதலில் வாரில் வரிசையாகத் துளை போட்டு, துளையில் மாட்ட ஒரு முள்ளும் வைத்தாள். காடன் ஏறிப் பார்த்தான். அங்கவடி மலை மாதிரி நின்றது. ஆனால் நீளத்தை மாற்றக் குதிரையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. தூறலில் நனைந்து தோல் உப்பியதும் முள் துளையை விட்டு வரவே இல்லை. காடன் பல்லால் கடித்தும் பார்த்தான்.

"நான் இதோட மல்லுக்கட்டி முடிக்கிறதுக்குள்ள கீழூர் மெதந்துரும்க்கா" என்றான்.

அடுத்து, முள்ளை எடுத்துவிட்டு வழவழப்பான ஒரு வளையத்தைப் போட்டாள். குதிரைமேல் இருந்தபடியே ஒரு கையால் இழுக்கலாம். இழுத்தால் குட்டை, தள்ளினால் நீளம். காடன் சமவெளியில் ஓடவிட்டுப் பார்த்துச் சிரித்தான். இறக்கத்தில் எழுந்து நின்றான். வளையம் வழுக்கியது. காடன் பாறைமேல் விழுந்து தோள் எலும்பு விலகிப்போனது.

அளவையார் வந்து பார்த்தார். "மாத்த முடியிற மாதிரி செஞ்சா நிக்காது. நிக்கிற மாதிரி செஞ்சா மாத்த முடியாது. இதைத் தெரிஞ்சுக்கத் தம்பி தோளை ஒடிக்கணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாசாத்திக்கு வந்த அழுகையில் பாதி தம்பிக்காக, பாதி அவர் சொன்னது உண்மையாகப் பட்டதற்காக.

தம்பிக்குக் கை கட்டுப்போட்டிருந்ததால் தண்ணீர் எடுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. கிணற்றில் குடத்தை விட்டு இழுத்தாள். குடத்தின் கழுத்தில் கயிற்றுச் சுருக்கு. நிறைகுடம் கனக்கக் கனக்கச் சுருக்கு இறுகியது. மேலே கொண்டுவந்து தரையில் வைத்தாள். கனம் போனதும் சுருக்கு தளர்ந்தது. ஒரு விரலால் தட்டிவிட்டாள், கயிறு கழன்று விழுந்தது.

கயிற்றை மறுபடி மாட்டினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினாள். பிறகு குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

மூன்றாவது அங்கவடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. ஒன்று அசையாது, ஒன்று அசையும். அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே வார் போய்வந்தது. கால் வளையத்தில் ஆள் ஊன்றி நின்றால், அந்தக் கனமே அசையும் கம்பியை இழுத்து வாரை நசுக்கிப் பிடித்தது. எவ்வளவு கனமோ அவ்வளவு பிடி. காலைத் தூக்கினால் பிடி விட்டுப்போகும். ஒரு விரலால் இழுத்து நீளத்தை மாற்றலாம். ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். நின்றது. மூட்டை மூட்டையாக மணலை ஏற்றினாள். நின்றது. காடன் நல்ல கையால் அதைப் பிடித்துத் தொங்கினான். அப்போதும் நின்றது.

"கல்லும் மூட்டையும் குதிரை ஏறுமா?" என்றார் அளவையார். அரசன் இரண்டு பேரையும் பார்த்தான். "மூணு சேணத்துலயும் மாட்டுங்க. கோலும் இருக்கட்டும்" என்றான். யார் மனமும் நோகக் கூடாதாம் அவனுக்கு!

மாசாத்தி அடிமலையிலிருந்து மாட்டிக்கொண்டே மேலே ஏறினாள். கை கட்டுப்போட்ட காடனும் கூடவே வந்தான். கரைக்கு வந்து கடைசிச் சேணத்தில் மாட்டி முடித்தபோது நடுப்பகல். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்து, மூன்று நாளாக விடாத மழை. அளவையார் கோலைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். கோலை எடுத்து மறுபடி இறக்கினார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"வீரன் எங்கே?" என்று கத்தினார்.

கோலுக்குப் பொருந்திய வீரன் குளிர்காய்ச்சலில் பாயில் சுருண்டு கிடந்தான். எழுப்பி உட்கார வைத்தால் சாய்ந்தான். காடன் ஒற்றைக் கையால் சேணத்தைப் பிடித்துத் தாவினான். தோள் வலியில் அலறிக் கீழே வந்தான். மாசாத்திக்குச் சேணம் செய்யத்தான் தெரியும், ஏறத் தெரியாது. கரையின் ஓரத்தில் ஒரு கட்டி மண் பொத்தென்று விழுந்தது.

அளவையார் கோலைத் தரையில் போட்டார். வேட்டியை வரிந்து கட்டினார்.

"ஐயா, நீங்களா?" என்றாள் மாசாத்தி.

"சின்ன வயசுல மேய்ச்சல் காட்டுல சேணமில்லாமயே ஏறுவேம்மா. என்னைப் பிடிக்க ஒருத்தனும் இருந்ததில்லை. படையில சேர வந்து நின்னேன். எங்கப்பாதான் அளந்தார். ஆறு விரல் குறைன்னு அத்தனை பேருக்கு முன்னால சொல்லி வெளிய அனுப்பினார்." கடிவாளத்தைக் கையில் எடுத்தார். "நான் சேர முடியாத இடத்துல வேற எந்தக் குட்டைக்காலனும் சேரக் கூடாதுன்னு இருந்துட்டேன். நகரு."

காடன் குனிந்து தோள் கொடுத்தான், கட்டில்லாத தோளை. அளவையார் ஏறினார்.

அங்கவடி காலுக்கு எட்டவில்லை. ஒரு விரலால் வாரை இழுத்தார், மேலே வந்தது. ஊன்றி நின்றார், பிடித்துக்கொண்டது. குதிரை பறந்தது. வீரன் போன வருடம் விழுந்த அந்த நடுமலை இறக்கம் வந்தது. குதிரை குனிந்தது. அளவையார் தம் முழுக் கனத்தையும் அங்கவடியில் போட்டார். அவர் கனம் கொஞ்சமா என்ன? அத்தனையையும் அது இறுக்கிப் பிடித்தது.

நடுமலைக் குதிரையில் தாவினார். அங்கே வார் குட்டையாக இருந்து முழங்கால் வயிற்றில் இடித்தது. ஓடும் குதிரையிலேயே காலைத் தூக்கி, வாரை இறக்கி, ஊன்றினார். பிடித்துக்கொண்டது.

அடிமலைக் குதிரையில் தாவினார். வலப்பக்கம் நீளம், இடப்பக்கம் குட்டை. "அவசரக்குடுக்கை!" என்று மாசாத்தியைத் திட்டிக்கொண்டே வலதைத் தூக்கி, இடதை இறக்கினார். பிடித்துக்கொண்டது.

கீழூர்த் தெருவில் அவர் போட்ட கூச்சலுக்குத் தூங்கின பிள்ளையெல்லாம் எழுந்தது. மாடுகளை அவிழ்த்தார்கள், கிழவர்களைத் தூக்கினார்கள், எதிர்மேட்டுக்கு ஏறினார்கள். கடைசி ஆள் ஏறியதை அளவையார் குதிரைமேல் இருந்தே பார்த்துவிட்டுத் தாமும் ஏறினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்தது. கூரைகள் போயின, பானைகள் போயின, கோழிகள் போயின. ஒரு மனிதர் போகவில்லை, ஒரு மாடு போகவில்லை.

மழை நின்றதும் இறும்பன் மேட்டுக்கு வந்தான். மாசாத்தியும் காடனும் அவனோடு வந்தார்கள். மாசாத்தி நேரே சேணத்திடம் போய்க் கம்பி வளைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் மனிதரைப் பார்த்தாள். அளவையார் சேற்றோடு உட்கார்ந்திருந்தார்.

"கோலை ஒடிச்சுப் போட்டுரலாமா?" என்று கேட்டான் அரசன்.

"வேண்டாம் மகாராசா. தண்ணி அளக்க அது நல்ல கோல். மனுசனை அளக்கத்தான் உதவாது." காடனைத் திரும்பிப் பார்த்தார். "தோள் ஆறினதும் வாப்பா. உன்னை அளக்கப் போறதில்லை. ஏறிக் காட்டு, போதும்."

பிறகு ஏரியின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கப்பா இன்னைக்கு இருந்திருக்கலாம்" என்று சொல்லி, அத்தனை பேருக்கும் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்கள். இறும்பனும் அன்றைக்கு "ஆகட்டும்" என்று சொல்லவில்லை, அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துகொண்டான்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களே, இதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி: ஆளுக்குத் தக்கபடி கருவியை மாற்றாமல், கருவிக்குத் தக்கபடி ஆளைக் கழித்துக்கொண்டே போகிறவர்கள், ஆபத்து வரும் நாளில் தங்களைக் காப்பாற்றக்கூடியவரையும் கழித்துவிட்டிருப்பார்கள்.