ஆமாம் போட்ட கட்டில்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கத்தரிக்காய்க்குக் காம்பு முளைப்பதற்கும் முந்தி, பூவனூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. நம்பாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அந்த ஊர் ராஜா வயசானவர்களுக்காக ஒரு மாளிகை கட்டியிருந்தார். அங்கே பஞ்சுமாயன் என்கிற மந்திரவாதி ஒரு கட்டிலைப் பரிசாகக் கொண்டுவந்தான். பேசும் கட்டில்! சோறு ஊட்டும், முதுகு சொறியும். எதைச் சொன்னாலும், "ஆமாம் ராசா, அசையாதீங்க ராசா, நான் இருக்கேன்" என்று கொஞ்சும்.

ஆனால் அதில் படுத்தவர் நாளுக்கு நாள் மெத்தைக்குள் அமிழ்வார். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மூக்கும் மறைந்தால் தலையணை ஆகிவிடுவார்! அப்படி இரண்டு பேர் ஏற்கெனவே ஆகிவிட்டார்கள். ஒரு தலையணைக்கு மாயனுக்கு நூறு வருஷம் ஆயுசு கூடும்.

மூன்றாவதாகப் படுத்தவர் மாடக்கண்ணு, ஒரு காலத்தில் அரண்மனை முரசறைந்தவர். அவரைப் பார்த்துக்கொள்ளும் சிட்டம்மா பதறிப்போய் இழுத்தாள். மாயன் சிரித்தான். "இழுத்தா வரமாட்டான். அவனா எழுந்தாத்தான் உண்டு!"

முதல் நாள், "மாமா, சூடா பணியாரம், எழுந்து வாங்க" என்றாள். கட்டில் அதைவிடச் சூடாக ஊட்டியது.

இரண்டாம் நாள், "மாமா, வாசல்ல தேர் வருது" என்றாள். கட்டில் தேரைக் கூரையிலேயே ஓட்டிக் காட்டியது.

மூன்றாம் நாள் மாடக்கண்ணு படுத்தபடியே கட்டிலோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்.

"நான்தானே ஜெயிச்சேன்?"

"ஆமாம் ராசா!"

அவர் கொட்டாவி விட்டார். இரண்டு விரற்கடை அமிழ்ந்தார். சிட்டம்மாவுக்குப் பொறி தட்டியது.

விழுந்தடித்து ஓடினாள் பெண்கள் பக்கம். அங்கே முழங்கால் வலியோடு வெள்ளத்தாயி இருந்தாள். முன்பெல்லாம் அவளும் மாடக்கண்ணுவும் தினமும் ஆடுபுலி ஆடிச் சண்டை போடுவார்கள். 'ரத்தம் கொதிக்கும், ஆகாது' என்று வைத்தியர்தான் இரண்டு பக்கத்துக்கும் இடையிலிருந்த நடுக்கதவைப் பூட்டியிருந்தார். சிட்டம்மா பூட்டை உடைத்தாள். வெள்ளத்தாயியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வெள்ளத்தாயி பலகையைப் பார்த்தாள், மெத்தைக்கு வெளியே தெரிந்த மூக்கைப் பார்த்தாள். புலியை எடுத்தாள். ஒரே தாவலில் இரண்டு ஆட்டைத் தூக்கினாள்.

"தின்னுட்டேன்!"

மெத்தைக்குள்ளிருந்து ஓர் உறுமல். "ஒரு தாவலுக்கு ஒரு ஆடுதான்!"

"என் புலிக்குப் பசி. உமக்கென்னவே?"

"அசையாதீங்க ராசா..." என்றது கட்டில்.

"நீ சும்மா கிட, கட்டிலே! அடியே அழுகுணி! ஊரறிஞ்ச அழுகுணி! வைடி என் ஆட்டை!" பஞ்சு பறக்க எழுந்து நின்றார் மாடக்கண்ணு, சொந்தக் காலில்!

கட்டில் படாரென்று பிளந்தது. தலையணைகள் இரண்டும் தும்மிக்கொண்டே மனிதர்களாகி, "இவ செஞ்சது தப்பு", "தப்பே இல்ல" என்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். திருடிய ஆயுசெல்லாம் தீர்ந்த மாயன் ஒரு பிடி பஞ்சாகி ஜன்னல் வழியே போனான்.

ராஜா சிட்டம்மாவுக்குத் தங்கக் காப்பு போட்டு, "இன்னும் என்ன வேணும்?" என்றார்.

"அந்த நடுக்கதவைக் கழற்றிடுங்க மகாராஜா."

கழற்றினார்கள். மறுநாளே பதினோரு பலகை விரிந்தது. அந்த இரைச்சலில் அரண்மனையில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை. அதட்டி அடக்கலாம் என்று ராஜாவே கிளம்பி வந்தார்.

வெள்ளத்தாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிரீடத்தை ஓரமா வச்சிட்டு உட்காரும். புலியா, ஆடா?"