கொசுறு நின்ற கடை

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அரண்மனையில் நிம்மதியாகத் தூங்கட்டும், விட்டுவிடுவோம். அவன் ஆண்ட நாட்டில் செங்கழுநீர்ப்பட்டணம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கடைத்தெருவில் அடுத்தடுத்து மூன்று மளிகைக் கடைகள். கதை அங்கேதான் நடக்கிறது, கேளுங்கள்.

அந்தத் தெருவை நீங்கள் காலை வேளையில் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்த்ததில்லை, கேட்டதுதான். கேட்டதற்கே மனசு ஏங்குகிறது. பொழுது விடிந்ததும் ஊரிலுள்ள பொடிசுகள் எல்லாம் பித்தளைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். அம்மாக்கள் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் பருப்பு இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். "உழக்குத் துவரம்பருப்பு, ஒரு காசுக்குப் புளி" என்று பிள்ளைகள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வரும். முணுமுணுக்காவிட்டால் மறந்துபோகும்.

பருப்பை அளந்து போட்ட பிறகும் பிள்ளை நகராது. இன்னொரு கையை நீட்டிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் ஒரு பிடி பொட்டுக்கடலையை அள்ளி அந்தக் கையில் போடுவார். அதுதான் கொசுறு. அதற்கு விலை கிடையாது. பருப்பு வீட்டுக்கு, கொசுறு பிள்ளைக்கு. அதைக் கொறித்துக்கொண்டே பிள்ளை வீடு போய்ச் சேர்வதற்குள் அடுப்பு பாதி அணைந்திருக்கும். அந்த மாதிரி ஒரு நடை இப்போது யாருக்கு வாய்க்கிறது, சொல்லுங்கள்!

முதல் கடை ஆவுடையப்பருடையது. நடுக்கடை பூதலிங்கத்துடையது. கடைசிக் கடை தில்லைநாயகத்துடையது. அது அவருடைய அப்பா காலத்துக் கடை.

ஒரு வருஷம் மேற்குச் சீமையில் மழை பொய்த்தது. முப்பது வண்டி பருப்பு வந்துகொண்டிருந்த ஊருக்குப் பத்து வண்டிதான் வந்தது. மூன்று கடைக்காரர்களும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் மூன்று விதமாக யோசித்தார்கள்.

ஆவுடையப்பர் விலையை ஏற்றினார். படி மூன்று காசு விற்றதை நான்கு காசு ஆக்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், "மேற்கே மழை இல்லை தாயி, நான் என்ன செய்ய?" என்றார்.

பூதலிங்கம் படியைச் சுருக்கினார். விலை அதே மூன்று காசுதான். ஆனால் படியின் அடியில் உள்பக்கமாக அரக்கை உருக்கி ஊற்றிவிட்டார். நம் பெண்களிடமா இது நடக்கும்? வீட்டில் அவரவர் படியில் அளந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் இருபது பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார்கள். பூதலிங்கம் பின்வாசல் வழியாகக் காசி யாத்திரை கிளம்பிவிட்டார்.

தில்லைநாயகமோ தன்னை மகா கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டவர். "விலையை ஏற்ற மாட்டேன், படியையும் குறைக்க மாட்டேன். ஊரே என் கடைக்குத்தான் வரும்" என்று கணக்குப் போட்டார். மனைவி வடிவுடையாளின் காசுமாலையை விற்று நாற்பது மூட்டை பருப்பு வாங்கி அடுக்கினார். பழைய விலைக்கே விற்றால் கையைக் கடிக்குமே? அதற்கும் ஒரு வழி கண்டார். கொசுறை நிறுத்தினார். வருஷத்துக்கு மூன்று மூட்டை பொட்டுக்கடலை சும்மா போகிறது, அது மிச்சம் என்பது அவர் எண்ணம்.

முதல் நாள் பிள்ளைகள் கையை நீட்டின. "போ, போ" என்றார். இரண்டாம் நாளும் நீட்டின. "போ, போ" என்றார். மூன்றாம் நாள் நீட்டுவதற்குக் கையே இல்லை.

பத்து நாள் போயிற்று. ஆவுடையப்பர் கடையில் நான்கு காசுப் பருப்புக்குக் கூட்டம் நெரிந்தது. தில்லைநாயகம் கடையில் மூன்று காசுப் பருப்பு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் காலம் வந்தால் பருப்பில் வண்டு விழும். வண்டு விழுந்தால் காசுமாலையும் போச்சு, அப்பா வைத்துவிட்டுப் போன கடையும் போச்சு.

கடைக்கு வெள்ளையடித்து மாவிலைத் தோரணம் கட்டினார். யாரும் வரவில்லை.

பறையடித்து ஊரெல்லாம் சொல்லச் சொன்னார். யாரும் வரவில்லை.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு விலையை இரண்டு காசாக இறக்கினார். அப்போதும் யாரும் வரவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "ஊரே விலையை ஏத்துறப்ப இவரு மட்டும் எறக்குறாரே, என்ன பருப்போ?" என்று பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். "அது வேகவே வேகாதாம்க்கா. எம்புள்ள சொன்னான்" என்றாள் ஒருத்தி. "எம்புள்ளயும் அதத்தான் சொன்னா" என்றாள் இன்னொருத்தி.

ஒருநாள் காலையில் தில்லைநாயகம் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பர் கடைக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிறுமி வெளியே வந்தாள். ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கை இறுக மூடியிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று உற்றுப் பார்த்தார். அவர் வீட்டுப் பிள்ளைதான். ஏழு வயது மகள் சிவகொழுந்து.

"இங்க வா" என்று கூப்பிட்டார். "கிண்ணத்துல என்ன?"

"உப்பு. அம்மா வாங்கியாரச் சொன்னாங்க."

"நம்ம கடையில உப்பு இல்லையா? அங்க குடுக்க ஏது காசு?"

"குதிருலேருந்து ரெண்டு கை நெல்லு எடுத்துட்டுப் போனேன்."

"சரி. அந்தக் கையில என்ன?"

சிவகொழுந்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு மெல்ல விரித்தாள். வேர்வையில் ஒட்டிக்கொண்ட பொட்டுக்கடலை.

"நீங்கதான் நிப்பாட்டிட்டீங்களேப்பா" என்றாள்.

"நம்ம பருப்பு வேகாதுன்னு ஊருல யாரு சொன்னது?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"நாங்கதான்."

"நாங்கன்னா யாரு?"

"எல்லாரும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, அவள் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

பாவம், தில்லைநாயகம் அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. அவர் விலை சொன்னது அம்மாக்களுக்கு. ஆனால் எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்தது அவர்கள் இல்லை. இத்தனை வருஷம் எதிரே நின்ற வாடிக்கைக்காரர்களின் முகம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கொசுறைத் திரும்பத் தொடங்கினார்; மலிவு என்றால்தானே சந்தேகம் என்று விலையையும் ஆவுடையப்பரைப் போல நான்கு காசாக ஏற்றினார். வந்தது மூன்றே பிள்ளைகள், அதில் ஒன்று சிவகொழுந்து. "மேற்கே மழை இல்ல, அதான் வெலை ஏறிப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லி, கை நிறையக் கடலை அள்ளிப் போட்டார். அடுத்த நாள் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தன. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. "அவரு கடைப் பருப்பு இப்ப நல்லா வேகுதாம்மா" என்று வீட்டுக்கு வீடு சேதி போயிற்று. நான்கு காசு ஆனதால் வீடுகளில் பருப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு குழம்பில் கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டார்கள். ஆனாலும் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை.

ஆனால் நாள் கடந்துவிட்டது. முப்பத்திரண்டு மூட்டை விற்றது, எட்டு மூட்டை வண்டுக்குப் போயிற்று. கடை பிழைத்தது, காசுமாலை திரும்பவில்லை.

அதைச் சொல்லித் தில்லைநாயகம் மனைவியின் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"மாலை போனாப் போகுது" என்றாள் வடிவுடையாள். "கொசுறை நிறுத்தப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு இந்தக் கடைக்கு வந்தவதானே. எங்க தெருவிலேயே ஒரு கடை இருந்துச்சு. அத விட்டுட்டு நாலு தெரு சுத்தி இங்க வருவேன். அப்ப உங்கப்பாதான் கடையில. மாமாவுக்குப் பெரிய கை" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் கேட்டவர்களே, விலையை ஏற்றுமுன்னும் இறக்குமுன்னும் வாங்குகிறவர் எதற்காக நம் வாசலுக்கு வருகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.